டிஸ்க் இல்லாமல் வாங்கிய கம்ப்யூட்டர்

புலியடிமுனையில் மூன்றாவது வருடமாக மழை பொய்த்து, கடற்கரைத் தெருக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்பேறிக்கொண்டிருந்த எண்பத்தொன்பதாம் வருடத்தில், அந்த ஊரின் நிலத்தடி நீர் ஆய்வு நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மெட்ராஸிலிருந்து அனுமதி வந்தது. நிலையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, பழைய ஜீப் ஒன்று, திலகவதி. அவ்வளவுதான். திலகவதிக்கு நாற்பது வயது. மூன்று வருடமாகத் திங்கட்கிழமைதோறும் கையில் அளவு நாடாவோடு ஊரின் தொண்ணூற்றாறு கிணறுகளையும் சுற்றி வந்து, எந்தக் கிணற்றில் தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறவள். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அது தனக்குக் கீழே நாற்பதடி ஆழத்துக்கு உப்புத் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும்; மேலே ஓரங்குலம் குறைந்தால் கீழே மூன்றடி உப்பு எழுந்து வரும். இதை அவள் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள், ஊரும் மரியாதையாகத் தலையாட்டியிருந்தது.

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். வறட்சி நிவாரணத்தில் ஊருக்கு ஒரே ஒரு போர் சாங்ஷன் ஆகியிருந்தது. நாற்பதடி ஆழம், மோட்டார் வைத்தது. பங்குனியில் துளை போடும் லாரி வரும், ஊர் காட்டுகிற இடத்தில் போட்டுவிட்டுப் போகும், மறுபடி வராது. இடம் தப்பினால் அந்த மோட்டார் கடலையே உறிஞ்சி ஊருக்கடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். எங்கே போட்டால் தப்பாது என்று சொல்ல, தொண்ணூற்றாறு கிணறுகளையும் பத்து வருட வெயிலையும் மழையையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். கையால் போட்டால் அவள் ஆயுள் போதாது.

ஆகவே மெட்ராஸ் கம்பெனியிலிருந்து ஜகதீசன் என்கிற விற்பனைக்காரர், அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, ஏழு பக்க விலைப்பட்டியலோடு வந்து இறங்கினார்.

"மேடம், இது யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன். முழுச் சாப்பாடுன்னு ஒண்ணும் கிடையாது. சோறு தனி, குழம்பு தனி, இலை கூடத் தனி," என்று சொல்லி மேசையில் பட்டியலைப் பரப்பினார். "மெமரி நாலு மெகாபைட்டா, எட்டா? திரை கறுப்பு வெள்ளையா, கலரா? தசமக் கணக்கை வேகமாப் போட ஒரு போர்டு இருக்கு, அது வேணுமா? டிஸ்க் எழுபதா, நூத்திநாப்பதா? டேப் டிரைவ்?"

"கணக்குப் போர்டு கண்டிப்பா வேணும். கலர் வேண்டாம். உப்புக்கு என்ன கலர்?"

"சாஃப்ட்வேரும் அப்படித்தான் மேடம். யூனிக்ஸ் லைசென்ஸ் ரெண்டு பேருக்கா, எட்டுப் பேருக்கா? ஃபோர்ட்ரான் கம்பைலர் கூட வராது, தனியா வாங்கணும்."

"கணக்குப் போடத்தானே மெஷினே வாங்குறோம், அதுக்கான பாஷை கூட வராதா?"

"வராது மேடம்," என்றார் ஜகதீசன், உண்மையான வருத்தத்தோடு.

அவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார்கள். எட்டு மெகாபைட், கறுப்பு வெள்ளைத் திரை, கணக்குப் போர்டு, நூற்றிநாற்பது மெகாபைட் டிஸ்க், டேப் டிரைவ், இரண்டு பேர் லைசென்ஸ், ஃபோர்ட்ரான், பதினெட்டு வால்யூம் கையேடு. அந்தப் பட்டியல் மெட்ராஸுக்குப் போய், மேசை மேசையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் சிவப்பு மையில் கொஞ்சம் இழந்து திரும்பி வந்தது. எட்டு மெகாபைட் நாலானது. டேப் டிரைவ் போயிற்று. பட்டியலின் நாலாம் பக்கத்துக் கடைசி வரியில், 'இந்த இயந்திரம் டிஸ்க் இல்லாமலும் ஓடும்' என்று இருந்ததால் டிஸ்க்கும் போயிற்று. 'டிஸ்க் உள்ள இன்னொரு இயந்திரம் அதே கேபிளில் இணைந்திருந்து கடன் கொடுத்தால்' என்கிற மறுபாதி ஐந்தாம் பக்கத்துக்குப் போயிருந்ததை எந்த மேசையும் திருப்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு வால்யூம் கையேட்டை மட்டும், புத்தகம் என்பதால், யாரும் தொடவில்லை.

தை மாதம் பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்த ஜகதீசன் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், டிஸ்க் எங்க?"

"சிவப்பு மையில அடிச்சுட்டாங்க."

"அப்ப இது எங்கேயிருந்து எழுந்திருக்கும்? எங்க சேத்து வைக்கும்? பக்கத்துல வேற மெஷின் இருக்கா?"

"பக்கத்துல தையல் கடை இருக்கு," என்றாள் திலகவதி.

ஓடவில்லை என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும், அதற்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும் என்பதற்காக, ஜகதீசன் கட்டைவிரல் கனத்தில் மஞ்சளாக இருந்த கேபிளின் ஒரு முனையை இயந்திரத்தில் பூட்டினார். மறுமுனையைப் பூட்ட இடம் இல்லாததால் ஜன்னல் வழியே தெருப்பக்கம் தொங்கவிட்டார். ஸ்விட்சைப் போட்டார். இயந்திரம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்தது, நாலு மெகாபைட் இருப்பதாக ஒப்புக்கொண்டது, பிறகு, எனக்கு இடம் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேபிளுக்குள் கேட்டது. ஒருமுறை கேட்டது, இருமுறை கேட்டது, காலை பத்தரையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பதினொன்று பத்துக்கு யாரோ இருக்கிறேன் என்று சொன்னார்கள் போல. திரையில் வரிகள் ஓடின, யூனிக்ஸ் எழுந்தது, பெயரைச் சொல்லி உள்ளே வரச் சொல்லியது.

ஜகதீசன் ஜன்னலுக்குப் போய் கேபிளின் முனையைப் பார்த்தார். அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, 'இயந்திரம் திருப்திகரமாக ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திலகவதி அன்றே தொண்ணூற்றாறு கிணறுகளையும் ஒவ்வொரு கோப்பாக அடித்துச் சேமித்தாள். மறுநாள் பழம் வாங்க மீரானின் பெட்டிக்கடைக்குப் போய், சீப்பு என்ன விலை என்று கேட்டாள்.

"பதினேழே கால் அங்குலம்," என்றார் மீரான். சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "நேத்து மதியத்துலேந்து இது ஒண்ணு மனசுல வந்து உக்காந்திருக்கும்மா. பள்ளிவாசல் பின்னாடிக் கிணறுன்னு தெரியுது. யாரு சொன்னான்னு தெரியல."

அவள் கணக்கில் பள்ளிவாசல் பின்னால் உள்ள கிணறு பதினேழே கால் அங்குலம்தான். அவள் இரண்டு சீப்பு வாங்கிக்கொண்டு, மீன் இறக்குகிற இடத்துக்கும் நூலகத்துக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் போனாள். போகிற இடமெல்லாம் ஒருவர் ஒரு கிணற்றைச் சொன்னார். தொண்ணூற்றாறு பேரையும் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் டிஸ்க் கிடைக்காமல் ஊரிடம் இடம் கேட்டிருக்கிறது, ஊரும் கொடுத்திருக்கிறது. இதை அவள் பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுலிங்கத்திடம் சொன்னபோது அவர், "கேட்டா குடுக்காம என்ன செய்ய?" என்றார்.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. சந்தித்தால் உடம்பை விசாரிப்பதற்கு முன் 'உமக்கு எந்தக் கிணறு?' என்று கேட்பது வழக்கமாயிற்று. அவரவர் கிணறு அவரவருக்கு வந்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும், அப்படி அமையவில்லை. செல்லத்தாய் வீட்டுக் கிணறு அவள் பதினோரு வருடமாகப் பேசாத எதிர்வீட்டு அந்தோணியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் முதல் திங்கட்கிழமை வாசலில் நின்று சுவரைப் பார்த்து, "தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு யாராவது சொல்லலாம்," என்றாள். இரண்டாம் திங்கட்கிழமை அந்தோணியைப் பார்த்தே கேட்டாள். குடித்தால் உளறுகிற வேலாண்டி திங்கட்கிழமைகளில் குடிப்பதை நிறுத்தினான், கிணறு குழறிவிடும் என்று. ஊர் எல்லை அலைவாய்ப் பாலம். அதைத் தாண்டினால் கோப்பு எட்டாது என்று தெரிந்த பிறகு, வெளியூர் போகிறவர்கள் நிலையத்து வாசலில் தொங்கிய நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதில் 'கல்யாணம், ரெண்டு நாள், கிணறு 41' என்றும், 'பல் பிடுங்க, சாயங்காலம் வந்திருவேன், கிணறு 8' என்றும் இருந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அன்று ஊரில் இல்லாத கிணறுகளைப் படித்தார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னபோது, அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

கிணறுகள் தொண்ணூற்றாறு பேரிடம் இருந்தன. அவற்றையெல்லாம் எழுப்பி நடத்துகிற யூனிக்ஸ் ஒரே ஆளிடம் இருந்தது. அது பக்கத்துத் தையல் கடைப் பிரகாசி.

மாசி முதல் வாரம் பிரகாசி சீருடைத் துணி எடுக்கத் தூத்துக்குடி போனாள். பஸ் பாலத்தைத் தாண்டிய நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்து, என் தொடக்கம் எங்கே என்று கேட்டு நின்றது. சாயங்காலம் பஸ் திரும்பிப் பாலத்தில் ஏறியதும் தானே எழுந்தது. திலகவதி கடைக்குப் போய்க் கேட்டபோது பிரகாசி மெஷின் மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"பிடரியில ஒரு வண்டு மாதிரி ரீங்காரம் மேடம். முதல்ல சாமிக்கு நேந்துக்கலாம்னு பாத்தேன். அப்புறம் தொந்தரவு ஒண்ணும் இல்ல. நீங்க அங்க தட்டுனா இங்க லேசா இழுக்கும். நான் மத்தியானம் கண்ணசந்தா உங்க மெஷின் மெதுவாப் போகுமே, கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருந்தாள். அதைப் பதினெட்டு வால்யூமிலும் தேடியிருந்தாள்.

பிரகாசிக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஆறு வருடம். புருஷன் சேவியர் குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வருடத்துக்கு இருபது நாள் லீவு, அதில் போக வர ஆறு நாள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுப் போவான். ஆறு வருடத்தில் சேர்த்து எண்ணினால் எண்பத்துநாலு நாள் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். இந்தக் கணக்கு அவளாகப் போட்டது. யூனிக்ஸ் சொல்லித் தரவில்லை.

மாசிக் கடைசியில் திலகவதி பெரிய கணக்கைத் தொடங்கினாள். இயந்திரம் ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும்; ஒன்பதாம் நாள் சொல்லும், போர் எங்கே என்று. பன்னிரண்டாம் நாள் லாரி வருகிறது. ஊர் ஒன்பது நாள் அசையாமல் இருக்க ஒப்புக்கொண்டது. தொண்ணூற்றாறு பேரில் ஒருவரும் பாலம் தாண்டவில்லை. ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிற்று, ஒரு பல்வலி பொறுத்துக்கொள்ளப்பட்டது. கணக்கு நகர நகர அவரவர் கிணறு அவரவருக்குள் ஏறி இறங்கியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நிறுத்தி, "எனக்கு அரை அங்குலம் குறைஞ்சிட்டு," என்று சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சேவியரிடமிருந்து தந்தி வந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. அவனுக்கு லீவு இல்லை. ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு நாளை மதுரையில் ரயில் ஏறுகிறார், அவர்களோடு வந்துவிடு. பதினைந்தாம் தேதிக்குள் ஆள் குடியேறாவிட்டால் வீடு அடுத்தவனுக்கு.

ஊர் யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரே நாளில் இருபத்தேழு பேர் வந்தார்கள், எல்லாமே அடுத்த வாரம் வேண்டும் என்று. காலைப் பஸ் கண்டக்டர் வழியில் பார்த்து, சீட்டு எல்லாம் போயிற்று என்றார், அவள் கேட்காமலே. மத்தியானம் பொன்னுலிங்கமே வந்து கடை வாசலில் நின்றார்.

"இன்னும் ஆறு நாளுதான பிள்ள. நான் கலெக்டர் ஆபீஸ்ல சொல்லி அவனுக்குத் தந்தி குடுக்கேன். ஊருக்குத் தண்ணி."

"தெரியும் மாமா," என்றாள் பிரகாசி. அவர் போனதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து நிலையத்துக்கு வந்தாள். திலகவதி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கணக்கு முப்பது சதவீதம் ஆகியிருந்தது.

"மேடம், நான் போகலாமா?"

மூன்று வருடத் திங்கட்கிழமைகள் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. திலகவதி கேட்டாள்: "நான் போகாதேன்னா?"

"இருந்துருவேன். இருந்துட்டு, இந்த ஊர்த் தண்ணியக் குடிக்கும்போதெல்லாம் உங்களையும் ஊரையும் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே குடிப்பேன். அது எனக்குப் பிடிக்கல. அதான் கேக்கேன்."

"உன்கிட்ட இடம் இருக்கான்னு மெஷின் கேட்டுச்சு, நீ குடுத்தே," என்றாள் திலகவதி. "நாங்க யாரும் உன்னைக் கேட்கவே இல்லையே. பெட்டியைக் கட்டு."

மறுநாள் காலை அவளே ஜீப்பை ஓட்டினாள். மதுரை வரை தானே கொண்டுபோய் விடுவதாக எழுதி நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாள். தெருவில் ஆட்கள் நின்றார்கள். யாரும் மறிக்கவில்லை, யாரும் கையசைக்கவும் இல்லை. பிரகாசி மடியில் தையல் மெஷினின் தலையைத் துணி சுற்றி வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். பாலத்தின் நடுவில் வந்ததும் அவள் கை பிடரிக்குப் போயிற்று.

"நின்னுட்டு மேடம்."

"வலிச்சுதா?"

"இல்ல. ஒரு குழந்தைய இடுப்புலேந்து இறக்கி விட்ட மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு அருப்புக்கோட்டை வரைக்கும் அழுதாள். அப்புறம் நிறுத்திவிட்டு, குஜராத்தில் தேங்காய் கிடைக்குமா என்று கேட்டாள்.

திலகவதி சாயங்காலம் திரும்பி வந்தபோது நிலையத்து முற்றத்தில் ஊர் நின்றது. உள்ளே திரையில் ஒரே ஒரு வரி இருந்தது, தொடக்கம் எங்கே என்று.

"ஊர்த் தண்ணிய வண்டியேத்தி அனுப்பிட்டு வந்திருக்கீங்க," என்றார் பொன்னுலிங்கம். குரல் உயரவில்லை. "லாரி அடுத்த வாரம் வருது. நான் கோயில் முக்குல போட்டுக்கச் சொல்லிருவேன். எல்லாருக்கும் பக்கம். அதுக்கு மேல ஆண்டவன் விட்ட வழி."

ஊருக்கு மேற்கே, கண்மாய்ப் பக்கம், அவருக்கு அறுபது தென்னையுள்ள தோப்பு ஒன்று இருந்தது. கோயில் முக்கு அவருக்கு எப்போதும் நல்ல இடமாகத்தான் தோன்றிவந்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து மீரான், "எனக்குப் பதினொண்ணுலயே நிக்குதும்மா," என்றார். "காலையில ஒம்பது மணிக்கு எங்க நின்னுச்சோ அங்கேயே நிக்குது. மெஷின் போச்சு, கிணறு போகலயே."

"எனக்கும் இருக்கு," என்றாள் செல்லத்தாய். "ஆறே முக்கால்." அந்தோணி, "எனக்கு ஏழு," என்றான். ஆளுக்காள் சொல்லத் தொடங்கினார்கள். திலகவதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கணக்கு பாதியில் நின்ற இடத்திலேயே, ஒரு அங்குலம் கூடச் சிந்தாமல், அவள் எதிரே வேட்டியும் சேலையும் லுங்கியும் உடுத்திக்கொண்டு நின்றது.

அவள் படித்த காலத்தில் காகிதத்தில் கட்டம் போட்டுச் செய்த கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணும் தன் நாலு பக்கத்து எண்களையும் கூட்டி நாலால் வகுத்து அதுவாகிவிட வேண்டும். எல்லோரும் ஆனபின் மறுபடி முதலிலிருந்து. எண்கள் மாறுவது நிற்கிற வரைக்கும். தண்ணீர் மண்ணுக்கடியில் செய்வதும் ஏறக்குறைய அதைத்தான். பக்கத்தவர்களைக் கேட்டுக் கேட்டு மட்டமாகிறது. இயந்திரம் பத்து வருட மழையையும் வெயிலையும் வைத்து நுணுக்கமாகச் செய்ததை இது தோராயமாகச் செய்யும்; இடம் சொல்ல அது போதும்.

"ஞாயித்துக்கிழமை கால்பந்து மைதானம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்டரைக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. நீளவாட்டில் பன்னிரண்டு, குறுக்கே எட்டு. ஒவ்வொரு கிணறும் ஊரில் எங்கே இருக்கிறதோ அந்தத் திக்கில் அதைச் சுமந்தவர் நின்றார். கிழக்கு ஓரத்தில், கணக்கு வராது என்று சொன்ன எட்டுப் பேர் கடலாக நின்றார்கள். எப்போது கேட்டாலும் பூஜ்யம் என்று சொன்னால் போதும். வேலாண்டி கடலாக நிற்க ஆசைப்பட்டான், அவனிடம் கிணறு இருந்ததால் விடவில்லை. மேற்கு ஓரத்தில் எட்டுப் பேர், எப்போது கேட்டாலும் இருபத்திரண்டு என்று சொல்ல, கண்மாயாக நின்றார்கள். பொன்னுலிங்கத்திடம் அவர் தோப்புக் கிணறே வந்து சேர்ந்திருந்தது; அப்படி அமைந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். நிற்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

ஓர் இடம் காலியாக இருந்தது. அது தையல் கடைப் பின்கட்டுக் கிணறு. யூனிக்ஸோடு அந்தக் கிணறும் பிரகாசியிடமே இருந்தது, அவளோடு போய்விட்டது. எல்லோரும் அந்தக் காலியிடத்தைப் பார்த்தார்கள். திலகவதி போய் அதில் நின்று, நாலு பக்கமும் கேட்டாள்.

"ஒம்பது," என்றார்கள். "எட்டு." "பத்து." "ஒம்பது."

"அப்ப எனக்கு ஒன்பது," என்றாள் திலகவதி, ஒன்பது ஆனாள். போனவளின் எண்ணைப் பக்கத்தவர்கள் வைத்திருந்தார்கள்.

ரெஃப்ரி குரூஸ் விசில் ஊதினார்.

முதலில் கோயில் முக்கு. அங்கே நின்றவர் ஒவ்வொரு சுற்றிலும் போருக்காக மூன்று கழித்துக்கொள்ள வேண்டும். விசில், நாலு பக்கமும் கேட்டல், கூட்டல், வகுத்தல், மறுபடி விசில். மைதானம் முழுக்கச் செபமாலை சொல்வது போல எண்கள் முணுமுணுப்பாக எழுந்து அடங்கின. பதினாலாம் சுற்றில் கோயில் முக்கு பூஜ்யத்துக்கு வந்தது. பதினைந்தாம் சுற்றில் அதற்குக் கீழே போயிற்று. கடலாக நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் நகரவே இல்லை, ஆனாலும் ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

பானகம் கொடுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம். அது இருபது சுற்றுக்குப் பின் எட்டில் நின்றது. பன்னிரண்டுக்கு மேல் நின்றால்தான் நாற்பதடி தாங்கும் என்று இப்போது யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாகத் திலகவதி மேற்கே பார்த்தாள். பொன்னுலிங்கம் குடையை மடக்கினார்.

"அடுத்து நானா?"

"நீங்கதான் தலைவரே. மூணு கழிச்சுக்கோங்க."

விசில் ஊதியது. வெயில் உச்சியிலிருந்து சாய்ந்தது, எண்கள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கி, அரை அங்குலம், கால் அங்குலம் என்று தயங்கி, முப்பத்திரண்டாம் சுற்றில் ஒருவர் எண்ணும் மாறவில்லை. முப்பத்துமூன்றாம் சுற்றிலும் மாறவில்லை. குரூஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மைதானம் அப்படியே நின்றது.

"உங்களுக்கு எவ்வளவு தலைவரே?" என்று திலகவதி கேட்டாள்.

பொன்னுலிங்கம் கிழக்கே நின்ற மீரான் பக்கம் திரும்பினார். "இன்னொருக்கச் சொல்லும்."

"பதினாலு."

வடக்கே கேட்டார். பதினாறு. தெற்கே கேட்டார். பதினாறு. மேற்கே கண்மாயாக நின்றவர் இருபத்திரண்டு என்றார். பொன்னுலிங்கம் உதடு அசைய அசையக் கூட்டினார், நாலால் வகுத்தார், மூன்று கழித்தார். யாரும் உதவவில்லை. அவர் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து கூட்டினார்.

"பதினாலுதான்," என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கினார். கலைந்து போங்கள் என்று யாரும் சொல்லாததால் பின்னால் இருந்தவர்களும் நடந்தார்கள். எட்டுக்குப் பன்னிரண்டாக, ஆளுக்காள் இடைவெளி குறையாமல், சந்துகளில் நெருங்கியும் வெளியில் அகன்றும், கடலாக நின்ற எட்டுப் பேரும் கடைசியில் கடலாகவே வர, ஊர் தன் கிணறுகளைச் சுமந்துகொண்டு தென்னந்தோப்பு வரைக்கும் போயிற்று. தோப்பு வேலிப் படலை பொன்னுலிங்கமே கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார். இரண்டு தென்னைகளுக்கு நடுவே போய், குதிகாலால் மண்ணில் ஒரு குழி பறித்தார்.

"லாரி உள்ள வரணும்னா இந்த ரெண்டு மரத்தையும் எடுக்கணும்," என்றார். "அந்தோணி, உங்கிட்ட ரம்பம் இருக்கா?"

"வீட்டுல இருக்கு தலைவரே."

"போயி எடுத்துட்டு வா. வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிருவோம்."